இடது கையைக் கட்டாதீர்கள், வலது கைக்கு வேலை கொடுங்கள்

தென் ஆப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஒரு தாய், தெரபிஸ்டான எனக்கு எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவர் திருநெல்வேலியில் பிறந்தவர். திருமணமாகி டர்பன் வந்து எட்டு வருடம் ஆகிறது. கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், துறைமுகத்தில் வேலை. மெடிக்கல் எய்ட், அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு, கிடையாது. ஒரே மகளுக்கு ஐந்தரை வயது. ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோதே எதையும் இடது கையால்தான் எடுப்பாள். இடதுகைப் பழக்கம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். நடக்கத் தாமதமானதும் ஸ்கேன் எடுத்தார்கள். பிறப்பதற்கு முன்போ பிறந்த சமயத்திலோ மூளையின் இடப்பக்கத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டிருந்தது தெரிந்தது. வலது பக்கத்தைப் பாதிக்கும் பெருமூளை வாதம், அதாவது செரிபிரல் பால்சி, என்று டாக்டர் சொன்னார்.

இப்போது அவள் லேசாகக் காலை இழுத்தாலும் நடக்கிறாள், ஓடுகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். வலது கைதான் பிரச்சினை. முழங்கை மடிந்து, மணிக்கட்டு வளைந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் புதைந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் மாதம் ஒரு முறை அரை மணி நேரம் தெரபி. தெரபிஸ்ட் வருடாவருடம் மாறிவிடுகிறார். வீட்டில் மாமியார் தினமும் ஒரு மணி நேரம் எண்ணெய் தேய்த்து விரல்களை நீவி விடுகிறார். பேத்தி இடது கையால் சாப்பிடுவதை அவரால் தாங்க முடியவில்லை. யாரோ காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு, மூன்று வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் இடது கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுகிறார். குழந்தை அழுகிறாள், பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிடுகிறாள்.

இந்தத் தாய் கேட்கும் கேள்விகள்: கையைக் கட்டுவது சரியா? ஐந்து வயதுக்குப் பிறகு மூளை மாறாது என்கிறார்களே, காலத்தைக் கோட்டைவிட்டோமா? சென்னையில் ஸ்டெம் செல் சிகிச்சைக்கு நகையை அடகு வைத்துப் போகலாமா? வரும் ஜனவரியில் கிரேடு 1 சேர்க்க வேண்டும். பக்கத்துப் பள்ளி முதல்வர் ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போகச் சொல்கிறார், என்ன செய்வது? கர்ப்பமாக இருந்த ஏழாவது மாதத்தில் விமானத்தில் ஊருக்குப் போய் வந்ததால்தான் இப்படி ஆனது என்று உறவினர்கள் சொல்கிறார்கள், உண்மையா? கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "ஆயாவோடு (பாட்டியோடு) சேர்ந்து ரொட்டி தேய்க்கணும் என்று தினமும் கேட்கிறாள். அவள் கையால் முடியாதே என்று நாங்கள் விடுவதில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பேச்சு உங்களை எவ்வளவு அரித்திருக்கிறது என்று கடிதத்தில் தெரிகிறது. விமானப் பயணத்தால் குழந்தைக்கு இப்படி ஆனது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. பிறப்பை ஒட்டி வரும் இந்த வகை ஸ்ட்ரோக்குக்குப் பெரும்பாலான பிள்ளைகளிடம் ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டவே முடிவதில்லை. நீங்கள் செய்த எதனாலும் இது வந்ததாகத் தெரியவில்லை. உறவினர்கள் மறுபடி கேட்டால், தெரபிஸ்ட் இப்படித்தான் எழுதியிருக்கிறார் என்று இந்தப் பத்தியைக் காட்டிவிடுங்கள்.

குழந்தைக்கு ஏழு மாதமாக இருந்தபோது கவனிக்காமல் விட்டதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வயதுக்குள் குழந்தை ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது உண்மை. இதைப் படிக்கும் மற்ற பெற்றோர் அதைக் குறித்துக்கொள்ளட்டும். ஆனால் முதல் பிள்ளையை வளர்க்கும் யாருக்கும் அது தானாகத் தெரிந்திருக்காது.

ஐந்து வயதோடு மூளை பூட்டிக்கொள்ளும் என்பது தவறு. முதல் இரண்டு வருடங்களில் தொடங்கினால் மிக நல்லது என்பது சரி. அதற்குப் பிறகு பயனில்லை என்பது சரியல்ல. ஆஸ்திரேலியாவில் உங்கள் மகளைப் போல ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட 63 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2011இல் முடிவுகள் வெளிவந்தன. அந்தப் பிள்ளைகளின் வயது 5 முதல் 16 வரை. அவர்களில் இளையவர்களின் வயதில்தான் உங்கள் மகள் இப்போது இருக்கிறாள். 10 நாட்களில் 60 மணி நேரம் விளையாட்டாகப் பயிற்சி கொடுத்தார்கள், கை வேலையில் முன்னேற்றம் தெரிந்தது. எனவே நீங்கள் தாமதமாக வந்துவிடவில்லை.

இன்னொன்றும் புரிந்துகொள்ளுங்கள். மூளையில் ஏற்பட்ட காயம் வளர்வதில்லை. ஆனால் பிள்ளை வளர்கிறாள், எலும்பு நீள்கிறது, இறுகிய தசை அதே வேகத்தில் நீள்வதில்லை. அதனால்தான் கையைச் சும்மா விட்டால் வருடம் போகப்போக மணிக்கட்டும் விரல்களும் இன்னும் மடங்குவது போலத் தெரியும். நோய் முற்றுகிறது என்று அப்போது பயப்பட வேண்டாம். கவனிப்பு கூட வேண்டும் என்பதற்கான அறிகுறி அது.

கட்டு இன்றோடு போதும்

உங்கள் மாமியார் பார்த்த வீடியோ பொய்யாக இருக்காது. நல்ல கையை அடக்கி வைத்து, பலவீனமான கைக்குத் தீவிரப் பயிற்சி கொடுக்கும் முறை உண்மையிலேயே இருக்கிறது. பெருமூளை வாதத்தில் நன்றாக நிரூபிக்கப்பட்ட முறைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அது நடக்கும் விதம் வேறு. பயிற்சி பெற்ற தெரபிஸ்ட், பிள்ளைக்கு விருப்பமான விளையாட்டுகள், மென்மையான கையுறையோ கைப்பொம்மையோ, குறிப்பிட்ட மணி நேரம், குறிப்பிட்ட வாரங்கள், அதற்கு முன்னும் பின்னும் கையின் அளவீடு. இவை எல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை. அடக்கி வைப்பது அதில் ஒரு சிறு பகுதி. அந்தப் பகுதியை மட்டும் பிய்த்து எடுத்து வந்தால் அது தண்டனையாகிவிடும்.

உங்கள் வீட்டில் செய்வதில் ஆபத்தும் இருக்கிறது. காலை இழுத்து நடக்கும் பிள்ளை தடுக்கி விழுந்தால் ஊன்றிக்கொள்ள அவளுக்கு இருப்பது அந்த இடது கைதான். அதை இடுப்போடு கட்டினால் முகமோ தலையோ தரையில் மோதும். அப்புறம் சாப்பாடு. பசியோடு இருக்கும் நேரத்தில், அவளுக்கு மிகக் கடினமான வேலையை, அவளால் செய்ய முடியாத கையால் செய்யச் சொல்கிறோம். அதிலிருந்து அவள் கற்றுக்கொள்வது, வலது கை என்றால் அழுகை என்பதைத்தான். அந்தக் கையை இன்னும் ஒளித்து வைப்பாள்.

நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் மகளின் வலது கை, சாப்பிடும் கையாகவோ எழுதும் கையாகவோ மாற வேண்டியதில்லை. அவளுக்கு எழுதும் கை இடதுதான், வாழ்நாள் முழுக்க அதுதான். வலது கையை நல்ல துணைக் கையாக ஆக்குவதே நம் வேலை. நாம் எல்லோரும் நாள் முழுக்கச் செய்யும் வேலைகளைப் பாருங்கள். ஒரு கை பிடித்துக்கொள்கிறது, மறு கை வேலை செய்கிறது. பாட்டிலைப் பிடிக்க ஒரு கை, மூடியைத் திருக ஒரு கை. தட்டைப் பிடிக்க ஒன்று, கழுவ ஒன்று. அந்தப் பிடிக்கும் கை பலமாக, நம்பகமாக இருந்தால் போதும், பெரும்பாலான வேலைகள் அவளுக்கு எட்டிவிடும். மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்விலேயே பாதிப் பிள்ளைகளுக்கு நல்ல கையை அடக்கியும், மறு பாதிக்கு இரண்டு கைகளையும் சேர்த்துப் பயன்படுத்தியும் பயிற்சி கொடுத்தார்கள். முன்னேற்றம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே, எதையும் கட்டாமலே அதே இடத்துக்குப் போக முடியும்.

மாமியாரின் மனவருத்தத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. வலது கையால் சாப்பிடுவதும் வாங்குவதும் அவருக்கு வெறும் பழக்கம் இல்லை, மரியாதை. அதற்கும் ஒரு வழி உண்டு. கோயிலில் விபூதி வாங்கும்போது வலது உள்ளங்கையை இடது கை கீழிருந்து தாங்கிக்கொள்ளட்டும். ஒரு பக்க வாதம் உள்ள பிள்ளைகளுக்கு மிகக் கடினமான அசைவுகளில் ஒன்று உள்ளங்கையை மேல் பார்க்கத் திருப்புவது. அதை வீட்டுப் பூஜை அறையில் ஆயாவே தினமும் சொல்லிக் கொடுக்கலாம். வலது கையில் வாங்குவாள், இடது கையால் பூசிக்கொள்வாள். ஆடிக் கூழ் குடிக்கும்போது இரண்டு கைகளாலும் கிண்ணத்தை அணைத்துப் பிடிக்கலாம், ஆறிய கூழாக இருக்கட்டும். கும்பிடுவதும் கை தட்டுவதும் இரண்டு கை வேலைகளே. ஆனால் கூட்டத்துக்கு நடுவில் இதைப் பரீட்சையாக வைக்காதீர்கள். வீட்டில் நன்றாக வந்த பிறகு வெளியில். சாப்பாடு மட்டும் இடது கையாலேயே இருக்கட்டும், அவள் வயிறு நிறைய வேண்டும். வலது கை மேசைமேல் தட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தால் போதும்.

ரொட்டியிலிருந்து தொடங்கலாம்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, அவள் ரொட்டி தேய்க்க வேண்டும் என்று கேட்பதுதான். தெரபியில் நாங்கள் முதலில் தேடுவது இதைத்தான்: பிள்ளை தானாகவே விரும்பும் ஒரு வேலை. கடந்த சில வருடங்களின் ஆய்வுகளும் வழிகாட்டுதல்களும் ஒரே திசையில் பேசுகின்றன. பிள்ளை தேர்ந்தெடுத்த இலக்கு, உண்மையான பொருள், உண்மையான இடம், முழு வேலை, பல முறை. பந்தை அமுக்குவது, குச்சியைத் துளையில் செருகுவது என்று தனித்தனி அசைவுகளைப் பழக்கினால் அந்த அசைவு வரும், ஆனால் அது தானாக டிபன் டப்பாவைத் திறக்கப் போய்ச் சேராது. டப்பா திறக்க வேண்டுமென்றால் டப்பாவைத்தான் திறந்து பழக வேண்டும்.

ரொட்டிக் கட்டை ஏன் நல்ல தொடக்கம் என்றால், இரண்டு கைகளும் ஒரே அசைவைச் செய்கின்றன. உங்கள் மகள் ஒரு கையால் எதையாவது செய்யும்போது மறு கையும் அதைப் போலவே அசைகிறதா என்று கவனியுங்கள். இந்த வகைப் பிள்ளைகள் பலருக்கு அப்படி இருக்கும். அது அடம் இல்லை, மூளையிலிருந்து கைக்கு வரும் பாதை அவர்களுக்கு அப்படி அமைந்திருக்கிறது. அவர்களுக்கு இரண்டு கையும் ஒன்றாக ஓடும் வேலை முதலில் எளிது. ஒரு கை பிடிக்க மறு கை திருகும் வேலை அடுத்த படி.

செய்யும் விதம் இது. மேசை அவள் முழங்கை உயரத்துக்கு இருக்கட்டும்; தேவைப்பட்டால் உறுதியான பலகைமேல் நிற்க வையுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மாவு வழக்கத்தைவிடத் தளர்வாக இருக்கட்டும். முதல் சில நாள் கட்டை வேண்டாம், உருண்டையை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தித் தட்டட்டும். அழுத்தும்போது மணிக்கட்டு நிமிர்கிறது, விரல்கள் விரிகின்றன. நீங்கள் மணிக்கணக்கில் நீவி விட்டுக் கொண்டுவரப் பார்ப்பதை அவள் தன் எடையாலேயே கொண்டுவருகிறாள். அப்புறம் கட்டை. பிடி மெல்லியதாக இருந்தால் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். வலது கையை அவளே இடது கையின் உதவியால் எடுத்துக் கட்டைமேல் வைக்கட்டும். ரொட்டி ஆப்பிரிக்கா கண்டம் போல வந்தாலும் அதைச் சுட்டு அவள் தட்டில் வையுங்கள்.

உங்கள் கையால் அவள் கையைப் பிடித்து நகர்த்தாதீர்கள். அது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அசைவது உங்கள் மூளை. அவள் முயன்று, தவறி, மறுபடி முயலும்போதுதான் அவள் மூளை வேலை செய்கிறது. காத்திருங்கள். ஐந்து விநாடி, பத்து விநாடி மௌனமாக இருப்பது தாய்க்குக் கடினம் என்று எனக்குத் தெரியும். "வலது கை, வலது கை" என்று நாள் முழுக்கச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். சொல்லாமலே இரண்டு கையும் தேவைப்படும்படி வேலையை அமைத்துக் கொடுங்கள்.

பிடிப்பதைவிட விடுவது கடினம். ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு விட முடியாமல் தவித்தால் திட்டாதீர்கள். மணிக்கட்டைச் சற்று மடக்கினால் விரல் திறக்கும். நிமிர்த்தினால் பிடி இறுகும். அவள் ஏற்கெனவே மணிக்கட்டை மடக்கித்தான் விரல்களைத் திறக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவளே கண்டுபிடித்த தந்திரம். மணிக்கட்டு ஓரளவு நேராக இருக்கும்போதே விடக் கற்பதுதான் அடுத்த கட்டம். பெரிய, இலேசான பொருள்களில் தொடங்குங்கள். காலி ஐஸ்கிரீம் டப்பா, ஸ்பாஞ்ச், சாஃப்ட் பொம்மை.

எவ்வளவு நேரம்? ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், குறிப்பிட்ட ஓர் இலக்கை எட்ட மொத்தம் சுமார் 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி வேண்டும், கையின் பொதுவான திறன் கூட 30 முதல் 40 மணி நேரம் வேண்டும் என்று தெரிகிறது. வீட்டில் செய்வதும் இந்தக் கணக்கில் சேரும். மாதம் அரை மணி நேர மருத்துவமனைத் தெரபியில் வருடத்துக்கு 6 மணி நேரம்தான் ஆகிறது. அதனால்தான் உங்களுக்குப் பலன் தெரியவில்லை. தினமும் அரை மணி நேரம் வீட்டில் செய்தால் ஆறு வாரத்தில் 21 மணி நேரம். 2009இல் வெளிவந்த இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வில், தெரபிஸ்ட் திட்டம் போட்டுக் கொடுத்து, பெற்றோர் 8 வாரம் வீட்டில் செய்த பயிற்சியே பலன் தந்தது. மருத்துவமனையில் கிடைக்கும் அந்த அரை மணி நேரத்தைக் கையை நீட்டி மடக்கச் செலவழிக்காமல், திட்டம் போடவும் சரிபார்க்கவும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு இலக்குக்கு மேல் ஒரே சமயத்தில் வேண்டாம். ரொட்டி ஒன்று. பள்ளிக்கு ஜனவரியில் போகிறாள் என்பதால் மதிய உணவு டப்பாவைத் தானே திறப்பது இன்னொன்று. அதற்குக் கீழே வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள், வலது கை மேலிருந்து அழுத்திப் பிடிக்கட்டும், இடது கை திறக்கட்டும்.

எண்ணெய், ஸ்பிளிண்ட், ஊசி

மாமியாரின் எண்ணெய்த் தேய்ப்பு கெடுதல் இல்லை. பாட்டியின் கைச்சூடு பேத்திக்கு நல்லது, தூங்கும் முன் பத்து நிமிடம் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் தேய்ப்பதால் கை வேலை செய்யக் கற்றுக்கொள்ளாது. நீவி விடுவதால் மட்டும் தசை நீளமாகிவிடுவதும் இல்லை. மணிக்கட்டை நிமிர்த்திக்கொண்டு விரல்களையும் வலுவாக இழுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், மூட்டு வலிக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடத்தை மாவுப் பலகைக்கு மாற்றிவிடுங்கள். சொல்லிக் கொடுக்க ஆயாவைவிடச் சிறந்த ஆள் அந்த வீட்டில் இல்லை. அவர் அக்கறைக்கு அது நல்ல வடிகாலாகவும் இருக்கும்.

கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்குவதற்கு மென்மையான துணி வகை ஸ்பிளிண்ட் (விரலைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் பட்டை) ஒன்று பகலில் வேலை செய்யும்போது உதவலாம். தெரபிஸ்டிடம் கேளுங்கள். முழுக் கையையும் மூடும் கெட்டியான ஸ்பிளிண்ட்டைப் பகலில் போட்டால் கைக்குத் தொடு உணர்வும் போகும், வேலையும் போகும். இரவில் போடுவது மூட்டு இறுகும் ஆபத்து உள்ளவர்களுக்கு. அதை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

போட்டுலினம் ஊசி பற்றி டாக்டர் பேசியதாக எழுதியிருக்கிறீர்கள். இறுகிய தசைகளை அது சில மாதங்களுக்குத் தளர்த்தும், பெரும்பாலும் மூன்று நான்கு மாதம். அந்த அவகாசத்தில் பயிற்சி செய்தால் பலன் உண்டு. ஊசி மட்டும் போட்டுவிட்டு மாதம் ஒரு முறை தெரபிக்குப் போனால் அந்த மாதங்கள் வீணாகும். எனவே முதலில் வீட்டுப் பயிற்சியை வழக்கமாக்குங்கள், பிறகு டாக்டரிடம் எந்தத் தசை, எதற்காக, என்ன பக்க விளைவு என்று கேளுங்கள். விழுங்குவதிலோ மூச்சிலோ சிரமம் என்பது அரிதான பக்க விளைவு, ஆனால் ஊசிக்குப் பிறகு அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டு சோதனைகளைத் தவறவிடாதீர்கள். ஒன்று கண். மூளையின் இடப்பக்கக் காயம் இரண்டு கண்ணிலும் வலது பக்கப் பார்வையைக் குறைத்திருக்கலாம். பிள்ளைக்கே அது தெரியாது. வலது கையைக் கவனிக்காமல் விடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். மற்றொன்று வலிப்பு. இந்தப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கண் நிலைகுத்திச் சில விநாடி நிற்பது, வலது கையோ முகமோ மட்டும் துடிப்பது போன்றவற்றைக் கண்டால் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

சென்னைப் பயணம் பற்றி

நகையை அடகு வைக்காதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஸ்டெம் செல் பற்றி உலகில் ஆய்வு நடக்கிறது, அது நல்ல விஷயம். ஆனால் ஆய்வு வேறு, காசு வாங்கிக்கொண்டு விற்கும் சிகிச்சை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று போன்றவையே ஏற்கப்பட்ட சிகிச்சை. பெருமூளை வாதம் அதில் இல்லை. முறையான ஆய்வில் சேர்ந்தால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. எனவே யாராவது பெரிய தொகை கேட்டால் அதிலேயே விஷயம் தெரிந்துவிடும். உயர் அழுத்த ஆக்சிஜன் அறை என்று சொல்லி அழைத்தாலும் போகாதீர்கள், பெருமூளை வாதத்துக்கு அது பயன்படவில்லை என்று பரிசோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

கொஞ்சம் பணம் ஒதுக்க முடியுமென்றால், பள்ளி விடுமுறையில் தனியார் தெரபிஸ்டிடம் தொடர்ச்சியாகச் சில நாள் தீவிரப் பயிற்சி எடுப்பது அதைவிட எத்தனையோ மேல். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவர்) என்று சொல்பவர், மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் கவுன்சிலான ஹெச்.பி.சி.எஸ்.ஏ-வில் பதிவானவரா என்று அவர்களின் இணையப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு வேலை செய்பவரா, முன்னும் பின்னும் அளவீடு எடுப்பாரா என்று கேளுங்கள். "முழுக்கச் சரியாக்கிவிடுவேன்" என்பவரிடம் போகாதீர்கள். வலது கை இடது கையைப் போல ஆகாது. ஆனால் இன்று செய்யாத பல வேலைகளை அடுத்த வருடம் செய்யும்.

அரசு மருத்துவமனையில் தெரபிஸ்ட் மாறுவதற்குக் காரணம், படித்து முடித்த தெரபிஸ்டுகள் ஒரு வருடக் கட்டாயச் சேவைக்கு அங்கே வருகிறார்கள், வருடம் முடிந்ததும் போய்விடுகிறார்கள். யார் மேலும் குற்றமில்லை. நீங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். இலக்கு என்ன, எவ்வளவு நேரம் செய்தோம், எது வந்தது என்று எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவள் ரொட்டி தேய்ப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். ஜனவரியில் புதிதாக வருபவர் முதலிலிருந்து ஆரம்பிக்காமல் இருக்க அது உதவும். 'மேக்ஸ்' என்ற கை வகைப்பாட்டில் அவள் எந்த நிலை என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான்கு வயதுக்கு மேல் 1 முதல் 5 வரை நிலைகள் உண்டு, 1 என்றால் பாதிப்பு மிகக் குறைவு. நிலை பெரும்பாலும் மாறாது, ஆனால் அந்த நிலைக்குள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

பள்ளியும் உதவித்தொகையும்

பள்ளி முதல்வர் வாய்மொழியாகச் சொன்னதோடு திரும்பி வராதீர்கள். 1996ஆம் ஆண்டு தென் ஆப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகள் நியாயமற்ற பாகுபாடு காட்டாமல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்குச் சாதாரணப் பள்ளியிலேயே இயன்றவரை ஏற்பாடு செய்வதுதான் அந்தச் சட்டத்தின் நோக்கம். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு உதவி தேவை என்று முடிவு செய்ய 2014 முதல் 'சயாஸ்' என்ற கொள்கை இருக்கிறது. ஆசிரியர் படிவம் நிரப்ப வேண்டும், பெற்றோர் அதில் பங்கேற்க வேண்டும், பள்ளிக் குழு பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மாவட்டக் குழுவுக்குப் போக வேண்டும். முதல்வர் தனியாக ஒரு பார்வையில் தீர்மானிக்கும் விஷயம் இல்லை.

விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாகாணக் கல்விக்குப் பொறுப்பான எம்.இ.சி-யிடம், அதாவது மாகாண அமைச்சரிடம், மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சண்டையோடு தொடங்க வேண்டாம். பல முதல்வர்களுக்குப் பயம், கழிப்பறையில் யார் உதவுவது, ஆசிரியரால் முடியுமா என்று. தெரபிஸ்டிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்: நடப்பாள், பேசுவாள், இடது கையால் எழுதுவாள், காகிதத்தை வலது கையால் பிடித்துக்கொள்வாள், எழுத நேரம் கொஞ்சம் கூட வேண்டும், இடதுகைக் கத்தரிக்கோல் வேண்டும். கண் சோதனையில் வலது பக்கப் பார்வை குறைவு என்று வந்தால், கரும்பலகையைப் பார்த்து உட்காரும்போது வகுப்பின் வலது ஓரத்தில் இடம் கேளுங்கள். ஆசிரியரும் பிள்ளைகளும் அவள் இடப்பக்கத்தில் வந்துவிடுவார்கள். ஸ்பெஷல் ஸ்கூல் கெட்டது என்று நான் சொல்லவில்லை, சில பிள்ளைகளுக்கு அதுதான் சரியான இடம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மகளுக்கு அது முதல் தேர்வாக எனக்குத் தோன்றவில்லை.

கேர் டிபென்டென்சி கிராண்ட் என்ற மாத உதவித்தொகை, அரசு உதவித்தொகைகளை வழங்கும் சாசா அலுவலகத்தில் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட, கடுமையான குறைபாட்டால் நிரந்தரப் பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கானது. பெற்றோர் வருமானத்தையும் பார்ப்பார்கள், அரசு மருத்துவரின் மதிப்பீடும் வேண்டும். உங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை இன்னும் வரவில்லை என்கிறீர்கள். குழந்தையும் கணவரும் குடிமக்கள், எனவே அவர் பெயரில் விண்ணப்பிக்கட்டும். ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: தானே நடந்து, பேசி, சாப்பிடும் பிள்ளைக்கு "கடுமையானது அல்ல" என்று மறுக்கவும் வாய்ப்பு உண்டு. அன்றாடம் எதற்கெல்லாம் உதவி தேவை, உடுத்துவது, குளிப்பது, தலை வாருவது, கழிப்பறை என்று பட்டியலாக எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். மறுத்தால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இதில் நாள் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மெடிக்கல் எய்ட் இல்லாத ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. உங்கள் மகளுக்கு இன்னும் சில மாதங்களில் ஆறு முடிகிறது. அதற்குப் பிறகு வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் வரலாம். உதவித்தொகை பெறுபவர்களுக்கும், குறைபாடு உள்ளவர்களில் தகுதி பெறுபவர்களுக்கும் இலவசம் தொடரும். அடுத்த முறை போகும்போதே பதிவு செய்யும் இடத்தில் எந்தப் படிவம், யார் கையெழுத்து என்று கேட்டு வைத்துவிடுங்கள். அதே நாளில் கண் பரிசோதனைக்கும் சீட்டு வாங்குங்கள், பள்ளிக்கான கடிதத்தையும் தெரபிஸ்டிடம் கேளுங்கள். துறைமுகத்தில் கணவருக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்றால், இந்தத் தடவை மாமியாரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கையைக் கட்டுவது பற்றி அவர் தெரபிஸ்டிடம் நேரடியாகவே கேட்கட்டும்.